எந்த ராமச்சந்திரன்? இனிஷியலை விட்டுவிட்டு எழுதுவது பற்றி

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறோம். இந்தத் தடவை அறிவியல். யாரோ தயாரித்துக் கொடுத்த தாளில் ஒரு கேள்வி: "புரதங்களின் அமைப்பை ஆராய உதவும் ராமச்சந்திரன் வரைபடத்தை உருவாக்கிய நரம்பியல் அறிஞர் யார்?" விடை, வி.எஸ். ராமச்சந்திரன் என்று போட்டிருக்கிறது. இரண்டு பெரிய மனிதர்களை ஒரே ஆளாக்கிவிட்டார்கள். அந்த வரைபடம் ஜி.என். ராமச்சந்திரனுடையது. அவர் இயற்பியலாளர், 1922இல் பிறந்தவர். வி.எஸ். ராமச்சந்திரன் 1951இல் பிறந்த மருத்துவர். வரைபடம் வெளிவந்தது 1963, அப்போது வி.எஸ்.ஸுக்குப் பன்னிரண்டு வயது.

தாளைத் திருத்திவிட்டோம், அது பெரிய காரியமில்லை. ஆனால் தேடிப் பார்த்தால் இதே குழப்பம் பல இடங்களில் இருக்கிறது. காரணம் என்று எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: "விஞ்ஞானி ராமச்சந்திரன்" என்று வெறுமனே எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம்மிடையே குடும்பப் பெயர் கிடையாது, ஆளை அடையாளம் காட்டுவதே முன்னால் இருக்கும் அந்த ஒன்றிரண்டு எழுத்துதான், அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தெருவுக்கு இரண்டு பேர் வைத்திருக்கும் பெயர். இனிஷியல் இல்லாமல் ராமச்சந்திரன் என்று எழுதவே கூடாது என்பது என் கட்சி. உங்களுக்குத் தெரிந்த ராமச்சந்திரன்களைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்காக ஒரு பட்டியல் போடலாம் என்று இருக்கிறேன்.

புரதம் எழுதியது:

நல்ல இழை. ஜி.என்.ஆர். பற்றி நான் சொல்கிறேன், தினமும் அவர் வரைபடத்தை வைத்துப் பிழைப்பு நடத்துபவள் நான்.

பிறந்தது எர்ணாகுளம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் கோபாலசமுத்திரம். முதல் எழுத்து அதுதான். இரண்டாவது எழுத்து அப்பா நாராயண ஐயர், கணிதப் பேராசிரியர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்த பையனை சி.வி. ராமன் தன் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். அப்புறம் கேம்பிரிட்ஜ். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை.

சென்னையில் அவர் எடுத்துக்கொண்டது கொலாஜன். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கிற புரதம். ஆராய நல்ல மாதிரி வேண்டுமே, அதற்குக் கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண்! அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. அதை எக்ஸ் கதிர் படம் எடுத்துப் பார்த்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கின்றன என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954, 1955இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். உடனே எதிர்ப்பு வந்தது. அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியாது என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்டார்கள். சரி, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக் கூடாது என்பதை முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று இறங்கியதில் பிறந்ததுதான் இந்த வரைபடம்.

விஷயம் எளிது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய பிணைப்புகள் இரண்டு. ஒன்றின் கோணம் ஃபை, இன்னொன்றின் கோணம் சை. இரண்டுமே மைனஸ் 180இலிருந்து பிளஸ் 180 பாகை வரை. ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் போட்டு ஒரு சதுரம் வரைந்தால், அதில் பெரும்பகுதி இடம் செல்லாது, அங்கே போனால் அணுவும் அணுவும் மோதிக்கொள்ளும். சில திட்டுகளில் மட்டும்தான் சங்கிலி நிற்க முடியும். புரதச் சங்கிலி வழக்கமாக எடுக்கும் வடிவங்களான ஆல்ஃபா சுருள், பீட்டா தாள் இரண்டும் சரியாக அந்தத் திட்டுகளுக்குள் வந்து விழுகின்றன. கிளைசின் என்ற அமினோ அமிலக் கண்ணிக்குப் பக்கச் சங்கிலி என்று இருப்பது ஒரு ஹைட்ரஜன் மட்டும், அதனால் அதற்குச் சுதந்திரம் அதிகம். இன்றைக்கும் உலகத்தில் எந்த ஆய்வகத்தில் ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் முதலில் இந்தச் சதுரத்தில் புள்ளி வைத்துப் பார்ப்பார்கள், கண்ட இடத்தில் புள்ளி விழுந்தால் அமைப்பில் எங்கேயோ தப்பு என்று அர்த்தம். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரும் அந்தக் கட்டுரையின் இணை ஆசிரியர்கள், அவர்கள் பெயரையும் பட்டியலில் சேருங்கள்.

நெல்லை_வாசகன் எழுதியது:

கோபாலசமுத்திரம் எங்களுக்குப் பக்கம்தான், அதைப் படித்ததில் பெரிய சந்தோஷம். ஆனால் காவிரிக்கரை சார் சொல்கிற விதியை என்னால் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. இடம் பார்த்தால் ஆள் தெரியாதா? புரதம் என்று வந்தால் ஜி.என்., மூளை என்று வந்தால் வி.எஸ். படிக்கிறவருக்கு அந்த அளவு அக்கறை இருக்க வேண்டும். எழுதுகிறவர் மேலேயே எல்லாப் பாரத்தையும் போடுவது நியாயமில்லை.

காவிரிக்கரை எழுதியது:

நெல்லை, அக்கறை இருக்கிற பிள்ளைதான் ஏமாறும். இருவருமே சென்னை, இருவருமே கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், இருவருமே உயிரியல் சார்ந்த வேலை. இதற்கு மேல், உடலுக்குள் பார்க்கும் ஸ்கேன் படங்களைக் கணக்குப் போட்டு உருவாக்கும் முறை பற்றி ஜி.என்.ஆர். 1971இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து முக்கியமான கட்டுரை எழுதியிருக்கிறார். "ஸ்கேன், ராமச்சந்திரன்" என்று ஒரு பிள்ளை படித்தால் மூளை டாக்டர் என்றுதான் நினைக்கும். இடம் பார்த்து எப்படி ஆளைப் பிரிப்பது?

பழம்படப்_பிரியை எழுதியது:

சினிமாவை விட்டுவிட்டீர்களே! இந்தப் பெயர்ச் சிக்கலை நேரடியாகச் சந்தித்தவர் எம்.ஜி.ஆர்.தான்.

அவர் முதல் படம் 1936இல் வந்தது, ஆனால் கதாநாயகன் ஆனது 1947இல் 'ராஜகுமாரி'யில்தான். இடைப்பட்ட அந்தப் பத்து வருஷத்தில் தமிழ்த் திரையில் ராமச்சந்திரன் என்றால் டி.ஆர். ராமச்சந்திரன். முட்டைக் கண்ணை உருட்டி, பயந்த பையன் மாதிரி முழித்துக்கொண்டு நடிப்பாரே, அவர். 1941இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'சபாபதி'யின் நாயகன். பிறகு 1949இல் 'வாழ்க்கை', 1960இல் 'அடுத்த வீட்டுப் பெண்'. இருவரும் பிறந்தது ஒரே ஆண்டு, 1917. ஆனால் நட்சத்திரமாக முந்தியவர் டி.ஆர். அதனால் எம்.ஜி.ஆரின் பெயரை அந்தக் காலப் படங்களின் டைட்டிலில் "எம்.ஜி. ராம்சந்தர்" என்று போட்டார்கள். நாற்பதுகளின் கடைசியில் வந்த படங்களின் பழைய பிரதி கிடைத்தால் டைட்டில் ஓடும்போது நிறுத்திப் பாருங்கள், ராம்சந்தர் என்றே இருக்கும். ராமச்சந்திரன் என்று மறுபடி போட ஆரம்பித்தது ஐம்பதுகளில், அவருக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்த பிறகு.

இன்னொன்று கேளுங்கள். 'சபாபதி' படத்தின் கதையே ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருப்பதுதான்! பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். எஜமான் சபாபதி முதலியார் டி.ஆர். ராமச்சந்திரன், அவர் வீட்டு வேலைக்காரனும் சபாபதி, அது காளி என். ரத்தினம். எஜமானுக்குத்தான் புத்தி மட்டு என்றால் வேலைக்காரன் அவருக்கும் மேலே. இன்றைக்குப் போட்டாலும் வீட்டில் பாட்டியிலிருந்து பேரன் வரை சிரிப்பார்கள். டி.ஆர். 1990இல் காலமானார். இப்போது அவர் பெயரைச் சொன்னால் "யாரு, எம்.ஜி.ஆரா?" என்று கேட்கிறார்கள். அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு காலத்தில் எதிராளி தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த அளவு புகழோடு இருந்தவர்.

நெல்லை_வாசகன் எழுதியது:

அக்கா, இது புதுச் செய்தி எனக்கு. ஆனால் என் பக்கத்துக்கு இது வலுச் சேர்க்கிறது பாருங்கள். எம்.ஜி.ஆர். விஷயத்தில் ஜனங்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ராமச்சந்திரனை எடுத்துவிட்டு மூன்று எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விதி எதுவும் போடவில்லையே?

பண்ருட்டிப்_பலா எழுதியது:

அரசியலிலும் அப்படித்தான். எங்கள் ஊர்க்காரர் எஸ். ராமச்சந்திரனை யாரும் எஸ். ராமச்சந்திரன் என்று சொன்னதில்லை. பண்ருட்டி ராமச்சந்திரன், இல்லாவிட்டால் பண்ருட்டியார். ஊரே இனிஷியல். 1967இல் தி.மு.க. எம்.எல்.ஏ., கலைஞர் அமைச்சரவையில் அமைச்சர், அப்புறம் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் மின்சாரத் துறை. முதல்வரும் ராமச்சந்திரன், அமைச்சரும் ராமச்சந்திரன், கோப்பில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. 1991 தேர்தலில் பா.ம.க.வுக்குக் கிடைத்த ஒரே இடம் அவர் ஜெயித்தது, கட்சிச் சின்னம் யானை, அந்த யானை மேலேயே ஏறிச் சட்டமன்றத்துக்குப் போனார். சாத்தூர் பக்கத்துக்காரர் இன்னொருவர், அவருக்கு எழுத்துகளே ஐந்து: கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன். எம்.ஜி.ஆர். காலத்தில் அ.தி.மு.க. எம்.எல்.ஏ., 2021இல் தி.மு.க. ஆட்சியில் வருவாய்த் துறை அமைச்சர். இவர்களை யாரும் மாற்றிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

காவிரிக்கரை எழுதியது:

நீங்கள் சொன்னது எல்லாமே என் கட்சிதான் ஐயா. ஊர், எழுத்து, பட்டம், ஏதோ ஒன்று முன்னால் ஒட்டியிருக்கிறது. ஜனங்கள் அதை விடவில்லை. விடுவது யார் என்றால் கட்டுரை எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும். வெளிநாட்டுக்காரர் "ராமச்சந்திரன்" என்று கடைசிப் பெயரை மட்டும் எழுதுவார், அது அவர்கள் வழக்கம். நாம் அதைத் தமிழில் கொண்டுவரும்போதும் அப்படியே விட்டுவிடுகிறோம். அங்கேதான் கோளாறு.

வார்டு_நர்ஸ் எழுதியது:

வி.எஸ். ராமச்சந்திரன் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். விளயனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். தாத்தா அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். வேலை பார்த்தது அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில்.

கை போனவர்களுக்கு அந்த இல்லாத கை வலிக்கும். கேட்கிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், வார்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். விரல் மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துகிறது, விரிக்க முடியவில்லை என்று அழுவார்கள், அங்கே கையே இருக்காது. மாத்திரை கேட்காது. தொண்ணூறுகளில் இவர் செய்தது ஓர் அட்டைப்பெட்டி. நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடி. நல்ல கையை ஒரு பக்கம் விட்டு, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்க்கச் சொல்வார். பிம்பம் போன கை இருந்த இடத்தில் தெரியும். இப்போது நல்ல கையை மூடித் திற என்றால், இல்லாத கையும் மூடித் திறப்பதாகக் கண்ணுக்குப் படும், பலருக்கு அந்த இறுக்கம் விட்டுவிடும். எல்லோருக்கும் கேட்பதில்லை, ஆனால் செலவில்லாத வைத்தியம். பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்கும் பிசியோதெரபியில் கண்ணாடி வைத்துப் பயிற்சி கொடுக்கிறோம். இப்படிப்பட்டவரை வேறு யாரோடோ கலந்து எழுதினால் இருவருக்குமே அநியாயம். இந்த விஷயத்தில் நான் காவிரிக்கரை பக்கம்.

மலையகத்தான் எழுதியது:

எம்.ஜி.ஆர். எங்கள் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா. 1917 ஜனவரி 17. 'எம்' என்பது பாலக்காட்டுப் பக்கம் மருதூர், 'ஜி' அப்பா கோபாலன். பிறந்தது கண்டிச் சீமை, எழுத்தில் இருக்கிறது பாலக்காடு, ஆண்டது தமிழ்நாடு.

வெளிநாடு போன எங்கள் ஆட்கள் பலர் இந்தப் பெயர் விஷயத்தில் படாத பாடு படுகிறார்கள். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பாமல் விட முடியாது. அப்பா பெயரைப் போட்டால் எல்லோரும் இவரை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தன் பெயரைப் போட்டால் பிள்ளைகள் தலையில் அது குடும்பப் பெயராக ஏறிவிடும். ஜி.என். ராமச்சந்திரனின் பிள்ளைகள் என்ன செய்தார்கள், யாருக்காவது தெரியுமா?

புரதம் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அவர் மகன் ரமேஷ் நாராயண், ஹார்வர்டில் வானியற்பியலாளர், கருந்துளைகளைச் சுற்றி வாயு எப்படிச் சுழன்று விழுகிறது என்பதில் பெரிய பெயர். அப்பா பெயர் ராமச்சந்திரன், பிள்ளை பெயரிலோ ராமச்சந்திரனே இல்லை, தாத்தா நாராயண ஐயரின் பெயர்தான் நிற்கிறது. வெளிநாட்டுக்காரர் யாருமே கேள்விப்படாமல் இவர்கள் அப்பா பிள்ளை என்று ஊகிக்க முடியாது. வி.எஸ். வீட்டில் நேர் எதிர். அவர் மனைவி டயேன், கணவரோடு சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில் ரோஜர்ஸ்-ராமச்சந்திரன். அங்கே ராமச்சந்திரன் குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது.

தஞ்சை_நூலகன் எழுதியது:

இனிஷியல் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள். நான் ஒன்று சொல்கிறேன், அப்புறம் பேசுவோம். டி.என். ராமச்சந்திரன் யார்?

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சேக்கிழார் அடிப்பொடி என்பார்கள். தஞ்சாவூர்க்காரர், பெரியபுராணம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், தமிழ்ப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. திருவாசகம், பாரதியார் பாடல்கள் எல்லாம் மொழிபெயர்த்திருக்கிறார். 2021இல் காலமானார். சைவ சித்தாந்தம் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது.

ஆனால் தொல்லியல் படிக்கிற மாணவனைக் கேளுங்கள். அவனுக்கு டி.என். ராமச்சந்திரன் என்றால் இந்தியத் தொல்லியல் துறையில் இணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். காஞ்சிபுரம் பக்கத்துத் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயில்களைப் பற்றி 1934இல் எழுதியவர். நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1954இல் அவர் எழுதிய புத்தகத்தைத் தொடாமல் அந்த ஊரில் இருந்த பௌத்த மடமான சூடாமணி விகாரத்தைப் பற்றி யாரும் பேச முடியாது. இருவருக்கும் அதே இரண்டு எழுத்து, இருவரும் சமய நூல்களிலும் கோயில்களிலும் தோய்ந்தவர்கள், இருவரும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். என் கண் முன்னாலேயே ஒரு பட்டியலில் சமணக் கோயில் புத்தகத்தைச் சேக்கிழார் அடிப்பொடியின் பெயருக்குக் கீழே போட்டிருந்தார்கள். அந்தப் புத்தகம் வந்த 1934இல்தான் அவர் பிறந்தார்.

நெல்லை_வாசகன் எழுதியது:

இதுதான் நான் சொல்ல வந்தது சார். எழுத்து மட்டும் காப்பாற்றாது. துறையைச் சேர்த்து எழுதுங்கள், ஆண்டைச் சேர்த்து எழுதுங்கள்.

கிராமத்து_ஆசிரியை எழுதியது:

ஜி. ராமச்சந்திரனை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. ஜி.என். இல்லை, வெறும் ஜி. திருவனந்தபுரம் பக்கத்துக்காரர், சாந்திநிகேதனில் படித்தவர், காந்தியின் தொண்டர். திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டியை ஒட்டி 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்கள் அவரும் அவர் மனைவி டாக்டர் சௌந்தரமும். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்து, மருத்துவம் படித்து, 1940இல் காந்தியின் ஆசியோடு ராமச்சந்திரனை மறுமணம் செய்தவர். வேறு மாநிலம், வேறு சாதி, விதவை மறுமணம், அந்தக் காலத்தில் எவ்வளவு எதிர்ப்பு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம், படிப்பு, கைத்தொழில் என்று அவர்கள் ஆரம்பித்து வைத்த இடம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நான் படித்தது அங்கேதான். ஒரு 'என்' விட்டுப்போனால் இவர் புரத விஞ்ஞானியாகிவிடுவார்.

டெல்லியில் வாழ்ந்த ஓவியர் ஏ. ராமச்சந்திரனும் கேரளத்தவர்தான், ஆற்றிங்கல். 'யயாதி' என்ற பெரிய ஓவியத் தொடர் அவருடையது, 2024இல் மறைந்தார். ஓவியம் பற்றி விவரம் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி எழுதுங்கள்.

பழம்படப்_பிரியை எழுதியது:

ஒரு சின்ன விண்ணப்பம். "இராமச்சந்திரன்" என்று இ போட்டு ஒரு கூட்டம், போடாமல் ஒரு கூட்டம். தேடும்போது ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்காது. டி.ஆர். ராமச்சந்திரனைத் தேடினால் பாதிப் பக்கங்கள் வருவதில்லை. பட்டியலில் இரண்டையும் போடுங்கள்.

தஞ்சை_நூலகன் எழுதியது:

அதோடு 'டி.என்.' என்பதை 'தி.ந.' என்றும் எழுதுவார்கள் அம்மா. நூலகத்தில் ஒரே மனிதரின் புத்தகங்கள் மூன்று இடத்தில் கிடக்கின்றன. நாங்கள் இப்போது செய்வது இது: ஒவ்வோர் ஆளுக்கும் ஒரே ஒரு தலைப்பட்டை, அதன் கீழே மற்ற எழுத்து முறைகள் எல்லாம் 'காண்க' என்று. தலைப்பட்டையில் பெயர், பிறந்த ஆண்டு, துறை. ஆண்டு தெரியாவிட்டால் முதல் புத்தகம் வந்த ஆண்டு. அட்டை எழுத நேரம் பிடிக்கிறது, ஆனால் எழுதி முடித்த பெயருக்கு மறுபடி புகார் வரவில்லை.

காவிரிக்கரை எழுதியது:

நூலகரே, இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நெல்லை சொன்ன துறையும் ஆண்டும் அதில் வந்துவிடுகின்றன, என் எழுத்தும் இருக்கிறது. வினாடி வினாவில் கேள்வியை இப்படி மாற்றுகிறோம்: "சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன், 1963இல் இரண்டு சகாக்களுடன் வெளியிட்ட வரைபடம் எதை ஆராய உதவுகிறது?" பெயர் கேள்வியிலேயே இருக்கிறது, பிள்ளை பதில் சொல்ல வேண்டியது அவர் செய்த வேலையை. 'சபாபதி' படத்தில் ஒரு கேள்வி, கண்ணாடிப் பெட்டியில் ஒன்று, காந்திகிராமத்தில் ஒன்று வைக்கிறேன்.

பண்ருட்டிப்_பலா எழுதியது:

யானையில் ஒன்று வையுங்கள் சார். சென்ட்ரல் ஸ்டேஷனிலும் ஒன்று. 2019இல் பெயர் மாறியதிலிருந்து பலகையில் எம்.ஜி. ராமச்சந்திரன் என்று முழுசாக இருக்கிறது, பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

காவிரிக்கரை எழுதியது:

இரண்டும் உண்டு. இன்னும் விட்டுப்போனவர்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுங்கள், அன்றைக்குத்தான் தாளை அச்சுக்குக் கொடுக்கிறோம்.